டேட்டாபேஸ்ல இருந்து எக்செல்லுக்கு எடுத்தா தேதி எல்லாம் கெட்டுப்போகுது, மொத்தமா பிளாங்க் ஆக்கிடலாமா?

நீங்க கேட்டது இதுதான்: ஃபைனான்ஸ் ஆபீஸ்ல பழைய லோன் சாஃப்ட்வேர் ஓடுது, பின்னாடி இருக்கிறது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், ஆடிட்டர் எல்லா லோன் விவரத்தையும் எக்செல்ல கேக்கறார், சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) எடுத்து டபுள் கிளிக் பண்ணி திறந்தா பிறந்த தேதி, லோன் குடுத்த தேதி, முடிஞ்ச தேதி மூணு ஃபீல்டுலயும் சிலது #####னு இருக்கு, சிலது 0000-00-00, சிலது 01-01-1970, சிலது செல்லோட இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது, ஒரே ஒரு ஃபார்முலா போட்டு இதை எல்லாம் பிளாங்க் ஆக்கிடலாமா. பாக்க ஃபார்முலா கேக்கற மாதிரி இருக்கு. ஆனா நீங்க உண்மையில கேக்கறது, இதுல எது நிஜமாவே தப்பான தேதி, எது வர்ற வழியில கெட்டுப்போன நல்ல தேதி, எதை நம்பி ஆடிட்டர் கைல குடுக்கலாம்ங்கறது. பல வருஷமா பழைய சாஃப்ட்வேர்ல இருந்து புதுசுக்கு டேட்டா மாத்தற வேலையிலதான் இருக்கேன், அதை வச்சு சொல்றேன்.

முதல்ல நேரடி பதில்: பிளாங்க் ஆக்காதீங்க. இஃப்எரர் (எரர் வந்தா வேற ஒண்ணைக் காட்டற ஃபார்முலா) போட்டு மூடினா எரர் மட்டும்தான் மறையும், அதுக்குக் கீழ இருக்கிற நல்ல தேதியும் சேந்து போயிடும், அதைவிட முக்கியம், எரரே காட்டாம ஒழுங்கா வலது பக்கம் உக்காந்திருக்கிற தப்பான தேதிகளை அந்த ஃபார்முலா தொடக்கூட தொடாது. உங்க ஷீட்ல கண்ணுக்குத் தெரியற கோளாறைவிட தெரியாத கோளாறுதான் அதிகம்னு நான் சந்தேகப்படறேன், ஏன்னு கீழ சொல்றேன்.

எக்செல்லுக்கு தேதின்னு தனியா ஒரு பொருளே கிடையாது, எல்லாம் வெறும் நம்பர். 1900 ஜனவரி 1ன்னா 1, 1970 ஜனவரி 1ன்னா 25569, 9999 டிசம்பர் 31ன்னா 2958465, அதோட முடிஞ்சுது. 1900க்கு முன்னாடி தேதியே அதுக்குத் தெரியாது. 1900ஐ லீப் வருஷம்னு நினைச்சுக்கிட்டு பிப்ரவரி 29க்கு 60ன்னு ஒரு நம்பர் வேற வச்சிருக்கு, அப்படி ஒரு நாள் வரலாற்றுலயே கிடையாது, பழைய லோட்டஸ் 1-2-3யோட ஒத்துப்போகணும்னு அப்படியே தொடர்ந்த தப்பு. டேட்டாபேஸ் பக்கம் கணக்கே வேற. மைஎஸ்கியூஎல் 1000ஆம் வருஷத்துல இருந்து 9999 வரை எடுத்துக்கும், அதோட 0000-00-00ன்னு ஒரு சுழியத் தேதியும் உண்டு. எஸ்கியூஎல் சர்வரோட பழைய டேட்டைம் 1753ல ஆரம்பிக்கும், பிரிட்டன் 1752 செப்டம்பர்ல காலண்டரை மாத்தி 2ஆம் தேதிக்கு அடுத்த நாளை 14ன்னு ஆக்கினதால அதுக்கு முன்னாடி போக வேண்டாம்னு விட்டாங்க. போஸ்ட்கிரெஸ்ல இன்ஃபினிட்டின்னே ஒரு தேதி போடலாம். எஸ்கியூலைட்ல டேட் டைப்பே இல்ல, டெக்ஸ்டாவோ நம்பராவோதான் கிடக்கும். ஒரு பக்கம் செல்லுபடியாகற தேதி இன்னொரு பக்கம் செல்லாமப் போறது இதனாலதான், அதுல உங்க தப்பு எதுவும் இல்ல.

இப்ப நீங்க சொன்ன ஒவ்வொண்ணா வருவோம். #####, இது அநேகமா பிரச்சினையே இல்ல. ரெண்டு காரணத்துக்குத்தான் அது வரும், ஒண்ணு செல் அகலம் பத்தல, இன்னொண்ணு தேதி ஃபார்மேட்ல இருக்கிற செல்லுக்குள்ள மைனஸ் நம்பர். நீங்க எடுத்தது சிஎஸ்வி, அதுல இருக்கிறது எழுத்து மட்டும்தான், 1900க்கு முந்தின தேதியா இருந்தாகூட எக்செல் அதை டெக்ஸ்டா விட்டுடுமே தவிர மைனஸ் நம்பரா மாத்தாது. அதனால மேல ஏ, பின்னு இருக்கிற எழுத்துகளுக்கு நடுவுல உள்ள கோட்டை டபுள் கிளிக் பண்ணி அகலப்படுத்துங்க, போயிடும். அப்படியும் போகலைன்னா நடுவுல யாரோ கழித்தல் ஃபார்முலா போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

0000-00-00 உங்க டேட்டாபேஸ்லயே அப்படித்தான் இருக்கு, எக்செல் மேல பழி போட முடியாது. 5.7 வெர்ஷன்ல இருந்து, அதாவது 2015 கடைசியில இருந்து, மைஎஸ்கியூஎல் தானாவே கண்டிப்பா இருக்க ஆரம்பிச்சுது, இந்த மாதிரி சுழியத் தேதியை உள்ள விடாது. அதுக்கு முன்னாடி ஃபார்ம்ல தேதியைக் காலியா விட்டு சேவ் பண்ணா, எரர் குடுக்காம 0000-00-00ன்னு எழுதி வச்சிடும், பழைய சாஃப்ட்வேர் எல்லாத்துலயும் இது மூட்டை மூட்டையா கிடக்கும். சர்வரை புது வெர்ஷனுக்கு ஏத்தினாலும் பழைய ரெக்கார்டு தானா சுத்தமாகாது. ஒரு வேடிக்கை சொல்றேன், நாட் நல்னு (காலியா விடக்கூடாதுன்னு) டிக்ளேர் பண்ணின டேட் ஃபீல்டுல ஈஸ் நல்னு (எது காலின்னு) தேடினா இந்த சுழியத் தேதி எல்லாம் வந்து நிக்கும், அது மைஎஸ்கியூஎல் மேனுவல்லயே எழுதி இருக்கிற நடத்தை. அதே டேபிளை ஓடிபிசி (டேட்டாபேஸை மத்த சாஃப்ட்வேரோட இணைக்கற டிரைவர்) வழியா எக்செல்லுக்கு இழுத்தா அந்த டிரைவர் சுழியத் தேதியைத் தானாவே நல் ஆக்கிடும். ஜாவால எழுதின டூல்ல எடுத்தா, செட்டிங் மாத்தலைன்னா எரர் அடிச்சு நின்னுடும், ரவுண்டுன்னு மாத்தி வச்சிருந்தா 0001-01-01ன்னு வரும். ஒரே டேபிள், மூணு வழி, மூணு ரிசல்ட். அதனால எந்த வழியில எடுத்தீங்கன்னு எழுதி வைக்காம எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டா தலைவலிதான் மிஞ்சும்.

01-01-1970 பத்தி. இது யூனிக்ஸ் கணக்குல, அதாவது அந்த நாள்ல இருந்து நொடிகளை எண்ணற கணக்குல, சுழியம், கிட்டத்தட்ட எப்பவுமே பிஎச்பிங்கற ப்ரோக்ராம் மொழியோட கைவரிசை. பிஎச்பியோட ஸ்ட்ரடோடைம் ஃபங்ஷன் சாய்வுக்கோடு போட்ட தேதியை அமெரிக்க முறையில மாதம் முதல்ல வச்சுப் படிக்கும், நடுக்கோடு போட்டா நாள் முதல்ல வச்சுப் படிக்கும். நம்ம ஆளு 25/03/2020ன்னு டைப் பண்றாரு, 25ஆவது மாதம் இல்லாததால அது ஃபால்ஸ்னு திருப்பிக் குடுக்குது, அதை அப்படியே டேட் ஃபங்ஷன்ல போட்டா 01-01-1970. காலியா விட்டாலும் இதேதான். இங்க ஒரு விஷயம் யோசிங்க, அதே ஃபார்ம்ல 05/03/2020ன்னு போட்டவங்களுக்கு என்ன ஆகி இருக்கும்? எரர் வந்திருக்காது, மே 3ன்னு அமைதியா சேவ் ஆகி இருக்கும். அதாவது உங்க டேட்டாபேஸுக்குள்ளயே 1970 இருக்குன்னா, அதே காலகட்டத்துல உள்ள மத்த தேதிகள்ல நாளும் மாதமும் இடம் மாறி இருக்கவும் வாய்ப்பு இருக்கு. 1970ஐ மட்டும் அழிச்சுட்டா அந்தத் தடயமும் போச்சு. சிஎஸ்வில மட்டும் 1970 வந்து டேபிள்ல நேரா பாத்தா 0000-00-00ன்னோ நல்லுன்னோ இருந்தா எக்ஸ்போர்ட் ஸ்க்ரிப்ட்தான் குற்றவாளி, டேட்டா அதோட பழைய நிலையிலேயே இருக்கு. இதை உறுதி பண்ண ஒரு ரெக்கார்டை டேபிள்ல நேரா திறந்து பாத்தா போதும்.

இப்படி ஒவ்வொரு விநோதத் தேதிக்கும் ஒரு ஊர் உண்டு. 00-01-1900ன்னு வந்தா எக்செல்லுக்குள்ள சுழியம், பெரும்பாலும் வீலுக்அப் (வேற டேபிள்ல தேடி எடுக்கற ஃபார்முலா) போட்டு காலி செல்லை இழுத்து வந்திருப்பீங்க. 01-01-1900ன்னா எஸ்கியூஎல் சர்வர்ல காலி டெக்ஸ்டை தேதியா மாத்தி இருக்காங்க, அது எரர் குடுக்காம இப்படி ஒரு தேதியைக் குடுக்கும். 30-12-1899ன்னா ஆக்சஸ்ல இருந்து வந்த சுழியம். 01-01-0001ன்னா டாட்நெட்ல எழுதின ப்ரோக்ராம், இல்லைன்னா மேல சொன்ன ஜாவா ரவுண்டு. 30-11ன்னு ஆரம்பிச்சு மைனஸ் 0001 வருஷம்னு வந்தா 0000-00-00ஐ பிஎச்பி படிச்ச லட்சணம். வருஷம் 0019, 0024ன்னு வந்தா நாலு இலக்கம் எதிர்பாத்த இடத்துல யாரோ ரெண்டு இலக்கம் குடுத்திருக்காங்க, ஆரக்கிள்ல இது ரொம்ப சகஜம். 31-12-9999 மட்டும் தப்பான தேதியே இல்ல, முடிவு தேதி இன்னும் வரலன்னு சொல்ல வேணும்னே போட்டது. அதை பைத்தான் மொழியில பாண்டாஸ்ங்கற டேட்டா லைப்ரரி வழியா எடுத்தீங்கன்னா ஜாக்கிரதை, அதோட பழைய வெர்ஷன்கள்ல வழக்கமான நானோசெகண்ட் கணக்கு 2262 ஏப்ரலோட முடிஞ்சுடும், எரர் வந்தா காலியாக்குன்னு சொல்லி வச்சிருந்தா 9999 எல்லாம் சத்தமில்லாம காணாமப் போயிடும்.

இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கறதுக்கு வருவோம், உங்க கேள்வியில கனமான விஷயம் இதுதான். இடது பக்கம் இருக்குன்னா எக்செல் அதை தேதியா ஏத்துக்கல, டெக்ஸ்டா வச்சிருக்கு, நம்பர்தானான்னு பாக்கற ஐஎஸ்நம்பர் போட்டா ஃபால்ஸ் வரும். நீங்க குடுத்த உதாரணத்துல ரெண்டு 23/07/2018, 14/11/2019. ரெண்டும் நல்ல தேதி. அப்ப ஏன் ஏத்துக்கலை? உங்க லேப்டாப்போட ரீஜன் செட்டிங் இங்கிலீஷ் யுனைட்டெட் ஸ்டேட்ஸ்னு இருக்கணும், நம்ம ஊர்ல வாங்கற மெஷின்ல நிறைய அப்படியேதான் வருது, யாரும் மாத்தறதில்ல. அந்த செட்டிங்ல எக்செல் முதல்ல இருக்கிறதை மாதம்னு படிக்கும், 23ஆவது மாதம் இல்ல, அதனால கைவிட்டுடுச்சு. இதே இடத்துல 07/11/2018 இருந்தா? ஜூலை 11ன்னு சந்தோஷமா எடுத்துக்கிட்டு வலது பக்கம் உக்காந்துக்கும். அது நவம்பர் 7. நீங்க பிளாங்க் ஆக்கப் போறது நல்ல தேதியை, விட்டு வைக்கப் போறது கெட்ட தேதியை.

எவ்வளவு ரெக்கார்டு இப்படி மாறி இருக்கும்னு கணக்கு போட்டுப் பாக்கலாம். 12ஆம் தேதி வரைக்கும் உள்ள நாள் மாதத்துக்கு 12, வருஷத்துக்கு 144. அதுல 01/01, 02/02 மாதிரி 12 நாள் மாத்திப் படிச்சாலும் ஒண்ணுதான். பாக்கி 132 நாள் தப்பா மாறும். 13ல இருந்து மாதக் கடைசி வரை உள்ள 221 நாள் டெக்ஸ்டா நிக்கும். அதாவது தேதிகள் வருஷம் பூரா பரவி இருந்தா, சுமார் அறுபது சதவீதம் இடது பக்கமும் மிச்சம் வலது பக்கமும் இருக்கும், வலது பக்கம் இருக்கிறதுல பெரும்பாலானது தப்பு.

இதை நிரூபிக்க ஒரு சோதனை இருக்கு. வலது பக்கம் உள்ளதை மட்டும் ஃபில்டர் பண்ணி பக்கத்துல டே ஃபங்ஷன் போட்டு அதிகபட்சம் என்னன்னு பாருங்க. ஒரு தேதிகூட 12ஐத் தாண்டலை, அதே சமயம் டெக்ஸ்டா நிக்கறது எல்லாத்துலயும் முதல் எண் 13 அல்லது அதுக்கு மேலன்னு வந்தா, சந்தேகமே வேண்டாம், மொத்த ஃபீல்டும் இடம் மாறிப் படிக்கப்பட்டிருக்கு. நூத்துக்கணக்கான லோன் 12ஆம் தேதிக்கு அப்புறம் ஒருநாளும் குடுக்காம இருக்கிற ஃபைனான்ஸ் ஆபீஸ் எங்க இருக்கு. இது உறுதியான சங்கதி. ஆனா வலது பக்கம் 12க்கு மேலயும் தேதி இருக்கு, இடது பக்கம் 13க்குக் கீழயும் இருக்குன்னா கலவை, வெவ்வேற காலத்துல வெவ்வேற முறையில பதிவானது, அதுக்கு இந்த சோதனை பதில் சொல்லாது.

மொத்தமா மாறி இருந்தா எக்செல்லுக்குள்ளயே திருப்பலாம், வலது பக்கம் உள்ளதுக்கு டேட் ஃபங்ஷன்ல வருஷம், அடுத்து நாள், அடுத்து மாதம்னு மாத்திக் குடுத்தா போதும், இடது பக்கத்துக்கு லெஃப்ட், மிட், ரைட் வச்சு வெட்டி ஒட்டணும். ஆனா டேட் ஃபங்ஷனை ரொம்ப நம்பாதீங்க, 2019ல பிப்ரவரி 31ன்னு குடுத்தா எரர் சொல்லாது, மார்ச் 3ன்னு குடுத்துட்டுப் போயிடும். அதனால வந்த தேதியோட நாளும் நீங்க குடுத்த நாளும் ஒண்ணா இருக்கான்னு பக்கத்துல ஒரு ஃபீல்டுல சரி பாக்கணும். ஜாவால பழைய தேதி ஃபார்மேட்டருக்கும் இதே குணம் உண்டு, கண்டிப்பா இருன்னு சொல்லலைன்னா இல்லாத தேதியை அடுத்த மாதத்துக்கு உருட்டி விட்டுடும்.

உண்மையைச் சொன்னா இந்த ஷீட்டை ரிப்பேர் பண்றதைவிட தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுக்கறது உத்தமம், உங்ககிட்ட டேட்டாபேஸ் உயிரோட இருக்கும்போது எதுக்கு இந்தப் பாடு. எடுக்கும்போதே குவெரில (டேட்டாபேஸ்ல டேட்டா கேக்கற கட்டளை) ஒவ்வொரு தேதிக்கும் மூணு ஃபீல்டு வர்ற மாதிரி பண்ணுங்க. முதலாவது, டேபிள்ல இருக்கிறது இருக்கிறபடி, கேரக்டரா மாத்தினது, அதுல கை வைக்கவே கூடாது. ரெண்டாவது, சுத்தம் பண்ணின தேதி, வருஷம் முதல்ல, நடுவுல கோடு, 2018-11-07 மாதிரி, இந்த வடிவத்தை எந்த ரீஜன் செட்டிங்லயும் எக்செல் நாள் மாதம் குழப்பிப் படிச்சு நான் பாத்ததில்ல. மூணாவது, ஏன் காலியா இருக்குங்கற காரணம், சுழியத் தேதி, மாதம் இல்லை, 1970, எதிர்காலத் தேதி, இப்படி சின்னதா ஒரு வார்த்தை. சுழியத் தேதியைக் கண்டுபிடிக்க 0000-00-00ன்னு நேரா ஒப்பிடாதீங்க, புது வெர்ஷன்ல கண்டிப்பான மோடுல அந்த ஒப்பிடலே எரர் ஆகலாம், அதுக்குப் பதிலா இயர் ஃபங்ஷன் சுழியமா, மன்த் ஃபங்ஷன் சுழியமா, டே ஃபங்ஷன் சுழியமான்னு கேளுங்க, கேஸ் வென்ல (இப்படி இருந்தா இதுன்னு சொல்ற குவெரி வாக்கியம்) மூணையும் போட்டா எல்லாம் மாட்டும்.

மன்த்தையும் டேயையும் தனியா கேக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மைஎஸ்கியூஎல் பழைய மோடுல 1960-00-00ன்னுகூட வச்சுக்கும், வருஷம் தெரியும் மத்தது தெரியாதுன்னு அர்த்தம். உங்க மாதிரி ஆபீஸ்ல இது கண்டிப்பா இருக்கும், ஏன்னா ஆரம்பத்துல குடுத்த ஆதார் கார்டுகள்ல நிறைய பேருக்குப் பிறந்த வருஷம் மட்டும்தான் அச்சாகி இருக்கும், வயசான கிராமத்து ஆளுங்களுக்கு முழு தேதி எந்தக் காகிதத்துலயும் இருக்காது. ஃபார்ம்ல ஏதாவது போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்னா கிளார்க் என்ன பண்ணுவார், 01-01-1960ன்னு போட்டுட்டுப் போவார். அதனால ஜனவரி 1ல பிறந்தவங்க கூட்டம் உங்க லிஸ்ட்ல நின்னா அது செல்லாத தேதி இல்ல, முழுமை இல்லாத தேதி. அதை அழிக்கவும் கூடாது, முழு தேதின்னு நம்பவும் கூடாது. வருஷம் மட்டும் தெரியும்னு பக்கத்துல குறிச்சுடுங்க, 1960-00-00ஐயும் அதே வகையில போடுங்க. வயசு கணக்கு போட வருஷம் போதும், அந்த வருஷத்தையும் பிளாங்க் பண்ணிட்டா எக்செல் காலியை சுழியமா எடுத்துக்கிட்டு அந்த அம்மாவுக்கு 125 வயசு தாண்டிடுச்சுன்னு காட்டும்.

ரெண்டு இலக்க வருஷம் இருந்தா அது தனிக் கூத்து. எக்செல்ல பல காலமா இருந்த வழக்கமான செட்டிங்ல (விண்டோஸ் செட்டிங்கைப் பொறுத்து இது மாறலாம்) 00ல இருந்து 29 வரை 2000கள், 30ல இருந்து 99 வரை 1900கள். மைஎஸ்கியூஎல்ல அந்தக் கோடு 69ல விழுது, 70ல இருந்துதான் 1900கள். அதனால 65ல பிறந்தவர் ஒரு பக்கம் 1965, இன்னொரு பக்கம் 2065. பதினஞ்சு வருஷ வீட்டுக்கடன் முடியற தேதியை 35ன்னு எழுதி இருந்தா அந்த செட்டிங்ல எக்செல் 1935ன்னு படிச்சு, சுதந்திரத்துக்கு முன்னாடியே கடன் அடைஞ்சுதுன்னு சொல்லும். இதுவும் எரர் காட்டாத ரகம். பிறந்த தேதி எதிர்காலத்துல இருக்கா, முடிவு தேதி லோன் தேதிக்கு முன்னாடி இருக்கான்னு ரெண்டு சோதனை போட்டா பெரும்பாலும் வெளிய வந்துடும்.

எடுத்த ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்கற பழக்கத்தை விடுங்க. டேட்டா மெனுவுல டெக்ஸ்ட் சிஎஸ்வில இருந்துன்னு போய், டைப்பைத் தானா கண்டுபிடிக்க வேண்டாம்னு சொல்லி, எல்லாத்தையும் டெக்ஸ்டா உள்ள கொண்டு வாங்க, அப்புறம் தேதி ஃபீல்டை மட்டும் பவர் குவெரில (எக்செல்லுக்குள்ளயே இருக்கிற டேட்டா மாத்தற டூல்) லொகேல், அதாவது எந்த நாட்டுத் தேதி முறைன்னு, குடுத்து மாத்துங்க, மாறாதது எரர்னு தனியா நிக்கும், அந்த எரர் ரோக்களை மட்டும் தனி ஷீட்டுக்கு எடுத்துடலாம். இதுல இன்னொரு லாபமும் இருக்கு, அடமானச் சொத்தோட சர்வே நம்பர், கதவு எண் எல்லாம் தப்பிக்கும். 12/3ன்னு இருக்கிற சர்வே நம்பரை எக்செல் சும்மா விடாது, மார்ச் 12ன்னோ டிசம்பர் 3ன்னோ ஆக்கி வச்சிடும், அப்புறம் அது எந்தத் தேதியும் இல்ல நிலத்தோட நம்பர்னு யாருக்கும் தெரியாது. சிரிக்காதீங்க, மனித ஜீன் பேர்கள்ல மார்ச்1, செப்ட்1ன்னு இருந்ததை எல்லாம் எக்செல் தேதியாக்கிக்கிட்டே இருந்ததால 2020ல விஞ்ஞானிகள் ஜீனோட பேரையே மாத்தினாங்க. சேவ் பண்ணும்போதும் கவனம், எக்செல்ல இருந்து மறுபடி சிஎஸ்வியா சேவ் பண்ணா கண்ணுக்குத் தெரியற வடிவம்தான் எழுதப்படும், ரெண்டு இலக்க வருஷம் காட்டற ஃபார்மேட்ல இருந்தா நூற்றாண்டு அங்கயே போச்சு.

நேரமும் சேந்த ஃபீல்டா இருந்தா இன்னொண்ணு பாக்கணும். எல்லாத் தேதியும் ஒரு நாள் முன்னாடி வருதுன்னு சிலர் புலம்புவாங்க, நம்ம நேரம் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) அஞ்சரை மணி நேரம் முன்னாடி, நடுராத்திரி 12ன்னு சேவ் ஆனதை எக்ஸ்போர்ட் டூல் யுடிசிக்கு மாத்தினா முந்தின நாள் சாயங்காலம் ஆறரை ஆயிடும். செல் ஃபார்மேட்டை ஜெனரல்னு மாத்திப் பாருங்க, எல்லா நம்பரும் .770833ன்னு முடிஞ்சா இதுதான் கதை. ரவுண்டு பண்ணி மூடாதீங்க, டூல்ல டைம்ஸோன் செட்டிங்கை சரி பண்ணி மறுபடி எடுங்க. அதே மாதிரி எக்செல் தேதி நம்பரை எஸ்கியூஎல் சர்வர்ல அப்படியே டேட்டைமா மாத்தினா ரெண்டு நாள் தள்ளி வரும், எக்செல்ல 45000ங்கறது 2023 மார்ச் 15, அங்க மார்ச் 17. ஒரு நாள் எண்ணிக்கை சுழியத்துல ஆரம்பிக்கறதால, இன்னொரு நாள் அந்த இல்லாத பிப்ரவரி 29 புண்ணியத்துல. பழைய மேக் ஃபைலா இருந்தா வித்தியாசம் 1462 நாள், நாலு வருஷமும் ஒரு நாளும், அதை எல்லாம் உங்க விஷயத்துல தேட வேண்டியதில்ல.

காலி செல்லுக்கு என்ன அர்த்தம்னு ஆடிட்டர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க. முடிஞ்ச தேதி காலியா இருந்தா லோன் இன்னும் ஓடுதுன்னு அர்த்தம், பிறந்த தேதி காலியா இருந்தா தெரியாதுன்னு அர்த்தம், லோன் குடுத்த தேதி காலியா இருந்தா அது பதிவுல உள்ள கோளாறு, அதுக்கு மூல வவுச்சரைத் தேடணும். மூணுக்கும் ஒரே வெத்து செல்லைக் காட்டினா நீங்க எதையோ மறைக்கறீங்கன்னு அவர் நினைச்சா தப்பு சொல்ல முடியாது. தேதி ஃபீல்டுக்குள்ளயே தெரியாதுன்னு எழுத்துல போடவும் வேண்டாம், ஒரு டெக்ஸ்ட் செல் இருந்தாலே சில வெர்ஷன்ல பிவட் டேபிள் மாதவாரியா குரூப் பண்ண மாட்டேன்னுடும், கவுண்டிஃப்ஸ், சம்இஃப்ஸ் எல்லாம் டெக்ஸ்டா நிக்கற தேதியை மாதக் கணக்குல சேக்காம சத்தமில்லாம விட்டுட்டுப் போகும், மொத்தம் குறைவா வரும், ஏன்னு தெரியாம ராத்திரி பூரா உக்காந்திருப்பீங்க. அதனால தேதி ஃபீல்டுல தேதி அல்லது நிஜமான காலி, காரணம் பக்கத்து ஃபீல்டுல.

குடுக்கறதுக்கு முன்னாடி டேபிள்ல வருஷவாரியா எத்தனை லோன்னு ஒரு குவெரி, எக்செல்ல வருஷவாரியா எத்தனைன்னு ஒரு பிவட், ரெண்டும் வரிக்கு வரி ஒத்துப்போகணும். வருஷம் ஒத்துப்போனா மட்டும் போதாது, நாள் மாதம் இடம் மாறினாலும் வருஷம் மாறாது, அதனால மாதவாரியாவும் பாருங்க. மிகப் பழைய தேதி, மிகப் புது தேதி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். இது அரை மணி நேர வேலை.

இப்ப இதால முடியாதது என்னன்னும் சொல்லிடறேன். டேட்டாபேஸுக்குள்ளயே மே 3ன்னு இருக்கிறது நிஜமாவே மே 3தானா, இல்ல மார்ச் 5ங்கறது இடம் மாறி சேவ் ஆனதாங்கறதை அந்தத் தேதியை மட்டும் பாத்து யாராலயும் சொல்ல முடியாது, எந்த டூலாலயும் முடியாது. பக்கத்து ஆதாரம் வேணும். லோன் நம்பர் வரிசையா ஏறிட்டே போகுதுன்னா முன்னாடி ரெக்கார்டும் பின்னாடி ரெக்கார்டும் எந்த மாதம்னு பாத்தா நடுவுல இருக்கிறது தெரிஞ்சுடும், ரெக்கார்டு உருவான நேரம்னு தனி ஃபீல்டு இருந்தா இன்னும் நல்லது, ஆபீஸ் திறக்காத ஞாயித்துக்கிழமைல லோன் குடுத்த மாதிரி விழுந்தா அதுவும் ஒரு துப்பு, ஆனா துப்பு மட்டும்தான், ரசீது நம்பர் அளவுக்கு அதை நம்ப மாட்டேன். பிறந்த தேதிக்கு இப்படி எந்த அக்கம்பக்க ஆதாரமும் கிடையாது, அங்க சந்தேகம்னா சந்தேகம்னே குறிச்சு கேஒய்சி ஃபைலைத்தான் எடுக்கணும். சராசரி தேதி போடறது, முந்தின ரெக்கார்டோட தேதியை இழுத்து நிரப்பறது எல்லாம் வேற ஆராய்ச்சிகளுக்கு சரி, கடன் கணக்குல வட்டி நாள் எண்ணிக்கையே மாறிடும், அதைத் தொடாதீங்க. டேட்டாபேஸ்ல உள்ளதையே அப்டேட் போட்டுத் திருத்தற ஆசையும் வேண்டாம், ஆடிட் நடக்கும்போது மூலத்துல கை வைக்கறது பெரிய வம்பு, திருத்தம் எல்லாம் எடுத்த நகல்ல மட்டும் இருக்கட்டும்.

உங்க டேபிளை நான் பாக்கல, நீங்க ஒட்டின பன்னெண்டு வரியை வச்சுத்தான் சொல்றேன். ரீஜன் செட்டிங் பத்தி சொன்னதும், ##### பத்தி சொன்னதும் அநேகமா சரியா இருக்கும், 1970 எங்க உருவாச்சுங்கறது மட்டும் ஊகம். அந்த மூணு ஃபீல்டும் டேட் டைப்பா இல்ல வார்கேரா (வெறும் எழுத்து டைப்), எக்ஸ்போர்ட் பிஎச்பிமைஅட்மின்ல (மைஎஸ்கியூஎல்ல நேரா திறந்து பாக்கற டூல்) எடுத்ததா இல்ல சாஃப்ட்வேர்ல உள்ள பட்டனை அமுக்கி எடுத்ததா, இது ரெண்டையும் போடுங்க. வார்கேரா இருந்தா மேல சொன்ன இயர், மன்த் சோதனை அப்படியே வேலை செய்யாது, வேற குவெரி எழுதணும், எழுதித் தரேன்.